முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்

1

நேற்று கடையில் அசிங்கப்பட்டுவிட்டேன். வெளிநாட்டின் வடகோடியில் இருக்கும் இந்த ஊரில் கடை என்று இருப்பது ஒன்றுதான். பால், பேட்டரி, துப்பாக்கித் தோட்டா, ஐஸ் கட்டியாய் உறைந்த கோழி எல்லாம் ஒரே கூரைக்கடியில் கிடைக்கும். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் வாத்தியார் வண்டி எஞ்சினுக்கு ஊற்றும் கூலன்ட் கேனைத் தூக்கி விலையைப் பார்த்து முகம் சுளித்தார். தெற்கே பெரிய நகரத்துப் பையன். "இதையே பாதி ஊற்றிவிட்டு மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் ஆகாதா?" என்று கடைக்காரரிடம் கேட்டார்.

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் கத்திவிட்டேன். "ஊத்தாத! ஒரு சொட்டு ஊத்தாத!" தமிழில் கத்தினேன். பதினோரு வருடமாக இந்த ஊரில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் பாதிப் பேரை முதலில் கையில் வாங்கியவள் நான். அதனால் யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் என் கையிலிருந்த ரொட்டியை வாங்கிப் பையில் போட்டு, "வீட்டுக்குப் போ, கலை" என்று மட்டும் சொன்னார்.

நாளை என் கணவர் சேகர் இறந்து ஐந்து வருடம். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் என் மகள் யாமினி அந்தப் பேச்சை எடுப்பாள், வீட்டில் இருந்தவரை நேரில், தெற்கே படிக்கப் போன பிறகு ஃபோனில். ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். "அன்னிக்கு நான் அப்பா பக்கத்துலயே இருந்திருந்தா?" நானும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல யாமி, சாப்ட்டியா?" அவள் அப்பாவைத் தான் விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு வாழ்கிறாள். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். ஐந்து வருடமாகத் தெரிந்திருந்தும், சாப்ட்டியா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

2

செங்கல்பட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் இந்த வண்டியைச் சொல்லிவிட வேண்டும். ஸ்னோமொபைல் என்பார்கள். எங்கள் வீட்டில் பனிவண்டி. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டை. குளிர்காலத்தில் இங்கே ஸ்கூட்டரும் அதுதான், ஆம்புலன்ஸும் அதுதான்.

இதற்கு லாரி மாதிரி முன்னால் ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினைச் சுற்றிச் சூடாகி வரும் கூலன்ட் என்கிற உறையாத திரவம், நாம் கால் வைக்கும் தட்டுக்கும் இருக்கைக்கும் அடியில் போகிற குழாய்களுக்குள் ஓடும். ஓடும் பட்டை பனியை வாரி அந்தக் குழாய்கள்மேல் அடித்துக்கொண்டே இருக்கும். பனி உருகிச் சொட்டும், எஞ்சின் குளிரும். ஆகவே பனி இல்லாத வெறும் ஐஸ்மேல் ஓட்டினால் மைனஸ் முப்பதிலும் எஞ்சின் கொதித்துப் போகும். முதல் வருடம் இதைக் கேட்டபோது என்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்றே நினைத்தேன். கைப்பிடிக்கு நடுவில் ஒரு சின்ன வட்டம், அதில் ஒரு முள். முள் சிவப்பைத் தொட்டால் நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொண்டு, நடு ஏரியில் நின்றுபோவோம்.

முள் பார்ப்பது எனக்குப் புதிதல்ல. என் அப்பா படாளம் சர்க்கரை மில்லுக்குக் கரும்பு ஏற்றிப் போகும் லாரி வைத்திருந்தார். அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அந்த லாரியில் ஓட்டுநர் பக்கத்து மீட்டர் செத்துப்போய், எங்கிருந்தோ கழற்றி வந்த வேறொரு மீட்டரை இடது பக்கக் கதவோரம் மாட்டியிருந்தார். வயர் அதுவரைதான் எட்டியது, ஓட்டும்போது அதை அவரால் பார்க்க முடியாது. லீவு நாளில் அந்த இருக்கை எனக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம், "முள்ளு எங்க கீது கலை?" என்பார். "பாதில கீது நைனா." "இப்ப?" "ஏறுது நைனா!" உடனே ஓரம்கட்டுவார். சாக்கை நனைத்து ரேடியேட்டர் மூடிமேல் போட்டுத் திருகுவார். நான் கேனை எடுத்துக்கொண்டு வாய்க்காலோ, ஏரியோ, கோயில் குழாயோ, எது பக்கமோ அங்கே ஓடுவேன். வண்டி சூடானால் தண்ணீர் ஊற்று, அளவு குறைந்தாலும் தண்ணீர் ஊற்று. எங்கள் வைத்தியம் அவ்வளவுதான். அந்த லாரிக்கு ஜி.எஸ்.டி. சாலை நெடுகத் தண்ணீர் காட்டி வளர்ந்தவள் நான்.

3

சேகர் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கருவி டெக்னீஷியன். நிரந்தர வேலை இல்லை, ஒப்பந்தம். ஷிப்டில் ஒரு மணிக்கு ஒருதரம் ஒரு வரிசை மீட்டர்களைப் பார்த்து வெப்பநிலையைத் தாளில் எழுத வேண்டும். கல்யாணமான புதிதில், ஸ்கூட்டரில் மாமல்லபுரம் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, "எட்டு மணி நேரமும் நம்பர் எழுதறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று சீண்டினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்பர் யாரு வேணா எழுதலாம் கலை. அது மாறும்போது பக்கத்துல முழிச்சிகினு ஒருத்தன் இருக்கணும். அதுக்குத்தான் சம்பளம்" என்றார்.

தொண்ணூற்றெட்டில் என் நர்ஸ் வேலையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தோம். யாமினிக்கு அப்போது எட்டு வயது. சேகரின் டிப்ளமாவை இங்கே மதிப்பிடுவதற்கு, படித்த காலத்துப் பாடத்திட்டம் வேண்டுமாம், ஒவ்வொரு பக்கத்திலும் கல்லூரி முத்திரையுடன். சேகரின் அண்ணன் செங்கல்பட்டில் நடையாய் நடந்து வாங்கி அனுப்பினார். அது வந்து சேர்ந்தபோது, முத்திரை ஊதாவாக இருக்கிறது, மூலப்பிரதிதானா என்று உறுதிப்படுத்தவும் என்று கடிதம் வந்தது. ஊரில் முத்திரை ஊதாவாக இல்லாமல் பச்சையாகவா இருக்கும்? மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு சேகர் கோப்பை மூடிப் பரணில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தார். கொதிகலன், குழாய், விளக்கு, எங்கள் வாசலிலேயே நிற்கும் பள்ளிக்கூடத்துப் பனிவண்டி, எல்லாம் அவர் பொறுப்பு. கொதிகலன் மீட்டரைப் பார்த்து ஒரு மணிக்கு ஒருதரம் எழுதி வைத்தார். யாரும் அதைக் கேட்கவில்லை.

நாங்கள் இருவரும் இங்கத்திய ஆங்கிலத்தில் தடுக்கித் தடுக்கி விழுந்தோம். மின்சாரம் நின்ற ஒரு நாள் நான் வெளியே போய், கரண்ட் போய்விட்டது என்றேன். பக்கத்து வீட்டார் திரும்பி ஏரியைப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கரண்ட் என்றால் நீரோட்டம். யாமினி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவள் எதற்கும் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள். பள்ளி விட்டதும் தோழிகள் வீட்டுக்குப் போவாள். அங்கே என்ன செய்கிறாள் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால், நான் வீட்டில் தொடவே விடாத பனிவண்டியை அவள் அங்கே இரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தது தெரிந்திருக்கும்.

அந்தக் கடைசிக் குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்து வண்டியில் எங்கோ ஒரு சின்னக் கசிவு. கூலன்ட் பாட்டிலில் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. வேலைக்குக் கிளம்பும்போது சேகர், "கலை, பாட்டில்ல கோட்டுக்குக் கீழ கீது பாரு. ஷெட்டுல கேன் கீது, ஊத்தி வுட்டுடு" என்றார். கேனில் கால்வாசிதான் இருந்தது. அதை ஊற்றினேன். கோட்டைத் தொடவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து மிச்சத்தை நிரப்பினேன். சேகர் வந்து பார்த்து, "சரியா கோட்டுல நிக்குதே" என்று என்னை மெச்சினார். அந்த மாதத்தில் இன்னும் இரண்டு தடவை அளவு இறங்கியது. இரண்டு தடவையும் செம்போடு போனேன்.

தண்ணீர் உறையும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எதிரே முப்பது கிலோமீட்டர் ஏரி கல்லாகக் கிடக்கிறது. தெரிந்த விஷயம் தலையில் இருந்தது. செம்பை எடுத்த கை படாளத்துக் கை. வண்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது அந்தக் கைக்குப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது மாதிரி. அது யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

4

அது சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த சேகர் உள்ளே வந்து, ஷூ போடும் பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. "கலை, மாருமேல யாரோ ஏறி உக்காந்துகினு கீறாங்க" என்றார்.

நாங்கள் குடியிருந்தது மருத்துவ நிலையத்தை ஒட்டிய வீடு. பத்து நிமிடத்தில் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டேன். மாரடைப்பு. நகரத்து டாக்டர் ஃபோனில் மருந்துகளைச் சொல்லி, விமானம் அனுப்புவதாகச் சொன்னார். விமானம் இறங்கும் திடல் ஏரிக்கு அக்கரையில், இருபது கிலோமீட்டரில். மதியம் புயல் வருகிறது, பன்னிரண்டு மணிக்குமேல் விமானி காத்திருக்க மாட்டார். என்னோடு வேலை செய்யும் இன்னொரு நர்ஸ் பிரசவ வலியில் இருந்த ஒரு பெண்ணை விட்டு நகர முடியாது. ஊரில் வண்டி ஓட்டுகிற ஆள்கள் எல்லாரும் பக்கத்து ஊர் ஹாக்கிப் போட்டிக்குப் போயிருந்தார்கள், நிலையத்து வண்டியும் டிரைவரும் உட்பட. எங்கள் வாசலில் பள்ளிக்கூடத்து வண்டி நின்றது.

பின்னால் சாமான் இழுக்கும் மரச்சறுக்குப் பலகையைக் கோத்து, சேகரைப் போர்வைகளில் சுற்றிப் படுக்க வைத்தோம். ஆக்சிஜன் சிலிண்டரும், நின்ற இதயத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கருவியும் அவர் காலடியில். யாமினி கையுறையை மாட்டிக்கொண்டே வந்தாள். "நான் ஓட்டறேன்மா. நீ அப்பாகிட்ட உக்காரு" என்றாள் ஆங்கிலத்தில்.

"உனக்கு இன்னா தெரியும்? வாய மூடிகினு அப்பா பக்கத்துல ஏறு" என்றேன்.

ஏரிக்குள் மூன்று கிலோமீட்டர் போனதும் காற்று துடைத்துப்போட்ட வெறும் ஐஸ். முள் ஏறத் தொடங்கியது. எல்லாரும் செய்வதைச் செய்தேன். ஓரமாய்க் குவிந்திருந்த மெத்துப் பனிக்குள் வண்டியை விட்டேன். பட்டை பனியை வாரி அடித்தது. முள் இறங்கவில்லை. காலடித் தட்டைப் பார்த்தேன். எப்போதும் பனி உருகிச் சொட்டும் இடம் காய்ந்து, வெள்ளையாக இருந்தது. நிறுத்திக் கையுறையைக் கழற்றித் தொட்டேன். கல் மாதிரி ஜில்லென்றிருந்தது. முன்னால் மூடியைத் தூக்கினால் எஞ்சின் அனலாய்க் கொதிக்கிறது. சூடான திரவம் பின்னால் வரவே இல்லை. குழாய்க்குள் எதுவோ கூழாகி அடைத்துக்கொண்டிருந்தது.

எது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஊற்றிய மூன்று செம்புத் தண்ணீர்.

ஊராயிருந்தால் ஓரம்கட்டி நிழலில் நிறுத்தி ஆறவிட்டிருப்போம். இங்கே ரொம்ப நேரம் நிறுத்தினால் கூழ் இன்னும் இறுகும். நிறுத்தாமல் ஓட்டினால் எஞ்சின் சாகும். முள் சிவப்பை நெருங்கும்வரை ஓட்டுவது, நெருங்கியதும் இரண்டு நிமிடம் நிறுத்தி எஞ்சின்மேல் பனியை அள்ளிக் கொட்டுவது, மறுபடி ஓட்டுவது. வேறு வழி இல்லை. ஆனால் என் கண்ணாடியில் ஐஸ் பூத்துக்கொண்டிருந்தது. ஐஸ் பிளவுகளைப் பார்த்து ஓட்டவும் வேண்டும், குனிந்து முள்ளைப் பார்க்கவும் வேண்டும் என்றால் என்னால் முடியவில்லை.

"யாமி, இங்க வா. என் பின்னால உக்காந்து கைக்கு அடில குனிஞ்சு முள்ள மட்டும் பாரு."

"அப்பா?"

"அப்பாவ நான் பாத்துக்கறேன். வா."

அவள் நகரவில்லை. சேகர்தான் மூக்குக் குழாயை விலக்கிக்கொண்டு பேசினார். "போ யாமி. முள்ளு முக்கியம். நான் இன்னா, எங்க ஓடப் போறேன்?"

அவர் பேசியதில் அதுதான் கடைசி.

"பாதில இருக்கும்மா." "ஏறுதும்மா." "சிவப்புகிட்டம்மா, நிறுத்து!" என் கைக்கடியிலிருந்து கத்திக்கொண்டே வந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு வரிசையாய்த் தமிழ். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் அவள் எஞ்சின்மேல் பனியைக் கொட்டுவாள், நான் பின்னால் ஓடிப்போய்ச் சேகரின் கழுத்தில் விரல் வைத்துப் பார்ப்பேன். துடிப்பு இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தார். ஆறு தடவை நிறுத்தினோம். ஆறு தடவையும் இருந்தார்.

ஆறாவது நிறுத்தத்துக்குப் பிறகு முள் ஏறவில்லை. அடைப்பு உருகி வழி கிடைத்திருக்க வேண்டும், காலடித் தட்டில் சொட்ட ஆரம்பித்தது. "பாதிக்குக் கீழம்மா!" என்று யாமினி கூவினாள். மேற்கே புயல் சுவர் மாதிரி வந்துகொண்டிருந்தது. மணி பதினொன்றரை. இன்னும் எட்டுக் கிலோமீட்டர். எனக்கு அழுகையும் சிரிப்புமாய் வந்தது. முறுக்கினேன். முள் ஏறவில்லை, அதனால் நான் நிறுத்தவில்லை. நிறுத்தவில்லை, அதனால் பின்னால் போய்ப் பார்க்கவும் இல்லை.

திடலில் விமானம் நின்றிருந்தது. யாமினி வண்டி நிற்பதற்குள் குதித்து இறங்கினாள். "அம்மா! முள்ளு ஏறவே இல்லம்மா!"

நான் திரும்பினேன். சேகரின் கண்கள் திறந்திருந்தன. இமைமேல் விழுந்த பனி உருகாமல் கிடந்தது. கருவி அவர் காலடியிலேயே இருந்தது. விமானத்து நர்ஸும் நானும் நாற்பது நிமிடம் போராடினோம். இருபது வருடமாக எத்தனையோ பேருடைய மூச்சை எண்ணி எழுதியவள் நான். என் புருஷன் மூச்சு நின்றபோது, நானும் என் பெண்ணும் ஒரு மீட்டரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

5

மூன்று வாரம் கழித்து வண்டியைப் பற்றிப் பள்ளி நிர்வாகத்திடமிருந்து ஒரு படிவம் வந்தது. அன்று அத்தனை தடவை கொதித்ததில் எஞ்சின் பாழாகிவிட்டது, காரணம் அறிய வேண்டுமாம். பதினான்கு கேள்விகள். பதினொன்றாவது: "குளிர்விப்புத் திரவம் கடைசியாக யாரால் நிரப்பப்பட்டது?"

எங்கள் குடியுரிமை விண்ணப்பம் அப்போது ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. வீடு என் வேலையோடு வந்தது. யாமினி அறையை விட்டு வெளியே வரவில்லை. இதெல்லாம் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மை என்னவென்றால், பயந்துவிட்டேன். "என் கணவர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பதில் கண்ணியமாக வந்தது. இழப்புக்கு வருந்துகிறார்கள். திரவத்தில் வெறும் தண்ணீர் கலக்கப்பட்டிருந்தது. பராமரிப்பாளரின் தவறு. கோப்பு மூடப்படுகிறது. வாழ்நாளெல்லாம் வெப்பநிலை எழுதிய மனுஷன் இந்த நாட்டுக் காகிதத்தில், பனியில் தண்ணீர் ஊற்றிய முட்டாளாகப் பதிவாகியிருக்கிறார். அவரை முட்டாளாக்கிய கையெழுத்து என்னுடையது. அந்தக் கடிதத்தை அவருடைய பாடத்திட்டக் கோப்புக்குள்ளேயே வைத்தேன்.

யாமினி பதினேழு வயதில் தெற்கே படிக்கப் போனாள். லீவுக்கு வருவதில்லை. ஒருமுறை வந்தபோது இரண்டு நாளும் ஏரிப் பக்கத்து ஜன்னல் திரையை இழுத்தே வைத்திருந்தாள். அவள் விலகிப் போவதற்கு இந்த நாட்டைக் குறை சொல்லி ஊருக்கு எத்தனை கடிதம் எழுதியிருக்கிறேன்! பிள்ளைகள் இங்கே இப்படித்தான், நம் பாசம் தெரிவதில்லை என்று. வெட்கமாக இருக்கிறது. அவள் அப்பாவைத் தான் கைவிட்டதாக நினைக்கிறாள். அந்த நினைப்போடு அவளை ஐந்து வருடம் தனியாக விட்டவள் நான்தான்.

இதை உங்களுக்காக என்று எழுதத் தொடங்கினேன். ஆனால் இதைப் படிக்க வேண்டியவளுக்குத் தமிழ் எழுத்து மறந்துபோய்விட்டது. பேசினால் புரியும். ஆகவே நாளை பேசத்தான் வேண்டும்.

6

இன்று காலை பத்து மணிக்கு ஃபோன் வந்தது. வழக்கமான பேச்சு. குளிர், பரீட்சை, புது ரூம்மேட். பிறகு அது.

"அம்மா, அன்னிக்கு நான் அப்பா பக்கத்துலயே இருந்திருந்தா..."

சாப்ட்டியா என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"யாமி, வண்டி ஏன் சூடாச்சு தெரியுமா?"

"ஐஸ். பனி இல்ல. எனக்குத் தெரியும்மா."

"இல்ல. கூலன்ட்ல தண்ணி இருந்துச்சு. பைப்புல ஒறைஞ்சி அடைச்சிகினுச்சு. ஊத்துனது நான். மூணு வாட்டி ஊத்துனேன். நடு ஏரில எஞ்சினத் தொறந்தப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. அதுக்கப்புறம்தான் உன்ன முன்னால கூப்ட்டேன். நீ அப்பாவ வுட்டுட்டு வரல. நான் இழுத்துகினு வந்தேன்."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஓட்டறேன்னு சொன்ன. கேக்கல. கேட்டிருந்தா நான் பின்னால இருந்திருப்பேன்." நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும். "அப்பா ஊத்துனார்னு ஃபார்ம்ல எழுதிக் குடுத்தேன். அதுவும் பொய்."

"அஞ்சு வருஷம்" என்றாள். குரல் என் மகளுடையது மாதிரியே இல்லை. "அஞ்சு வருஷம்மா. எவ்ளோ தடவ கேட்டேன். நீ சாப்ட்டியான்னு கேட்ட."

"ஆமா."

"எனக்கு உங்கூட பேச முடியல."

"பேசாத. ஃபோன வெக்காத, யாமி. அது போதும்."

அவள் பேசவில்லை. வைக்கவும் இல்லை. அழுகையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு மூச்சு விடுவது மட்டும் கேட்டது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அந்த மூச்சை எண்ணத் தொடங்கினேன். முதல் நிமிடம் முப்பத்திரண்டு. இரண்டாவது நிமிடம் முப்பத்தொன்று. பிறகு இருபத்தெட்டு. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு எண்ணிக்கொண்டே இருந்தேன்.